ரிப்பன் இருக்கு, கரண்ட் இல்லை!

டைப்ரைட்டரைப் பார்த்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்தது ஸார்! 1998-ல், வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடி ரூமில்.

ரூம்மேட் தன் கம்ப்யூட்டரில் 'ரெசிடென்ட் ஈவில்' போட்டிருந்தான். ஜப்பானின் கேப்காம் கம்பெனி, ஷின்ஜி மிகாமி இயக்கத்தில் 1996-ல் விட்ட விளையாட்டு. காட்டுக்குள் ஒரு பங்களா, உள்ளே நடமாடும் பிணங்கள். தோட்டாக்களை எண்ணித்தான் சுடணும். காயத்துக்குப் பச்சிலை (நம்ம ஊர் வைத்தியம்!). ஒவ்வொரு கதவும் ஆடி அசைந்து திறக்கும். நமக்கு நெஞ்சு 'திக் திக்'. நிஜத்தில், அடுத்த அறையை சி.டி.யிலிருந்து ஏற்றுகிற தாமதத்தை மறைக்கத்தான் அந்தக் கதவு!

ஆடியதைப் பதிவு செய்ய டைப்ரைட்டர் உள்ள அறைக்குப் போகணும். தடவைக்கு ஒரு ரிப்பன் செலவு. மாசக் கடைசிப் பணம் மாதிரி நான் பொத்திப் பொத்தி வைத்து, இரண்டு மணி நேரம் பதிவே செய்யவில்லை. உயிர் ஊசலாடும்போது... அதோ, டைப்ரைட்டர்! கண்ணீர் மல்க நெருங்கினேன்.

பட்டென்று கரண்ட் போச்சு. யு.பி.எஸ். ஏது?

கும்மிருட்டு. தெருவில் ஒரு நாய் குரைத்தது.

"டேய், பாத்ரூம் வரைக்கும் துணைக்கு வர்றியா?"

"நானே உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன்டா!"