மூலப்படியைத் திருத்துதல்

புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் 1855ஆம் ஆண்டு தமிழ்–பிரெஞ்சு அகராதியொன்று அச்சாயிற்று. இத்தகைய நூலிற் பிழையை அச்சுக்கோப்பிலேயே களைந்தால் படிகள் அனைத்தும் திருந்தும்; அச்சிட்டபின் ஒவ்வொரு படியாகத் திருத்துதல் அரிது.

கணினிக்கும் இஃது ஒக்கும். கணினியை இயக்கும் அடிப்படை நிரல்தொகுதி இயங்குதளம் எனப்படும். அதனைக் கணினியில் நிறுவுதற்கென ஒரே கோப்பாக அமைத்து வைத்திருப்பதை மூலப்படி எனலாம். ஒரு பள்ளியில் நாற்பது கணினிகள் இருப்பின், அம்மூலப்படியை முதலிற் செப்பனிடுதலே அறிவுடைமை. புதிய திருத்தங்களைச் சேர்த்தலும், வேண்டாத உறுப்புகளை நீக்கலும் அதன் இரு கூறுகளாம்.

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பலவற்றில் அறுவை மருத்துவமும் தடைப்பட்டது. விண்டோஸ் இயங்குதளத்தில் எஞ்சியிருந்த பழைய கோப்புப் பகிர்வு உறுப்பொன்றே அதற்கு வாயிலாயிற்று. அவ்வாயிலை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச்சு 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதனைச் சேர்த்த கணினிகளிலும், அவ்வுறுப்பை நீக்கிய கணினிகளிலும் தீநிரல் அவ்வழியே நுழைய இயலவில்லை.

எனினும், ஓர் உறுப்பை நீக்குமுன் அதனைச் சார்ந்து இயங்குவன எவை என ஆராய்தல் வேண்டும். செப்பனிட்ட மூலப்படியை ஒரு கணினியிற் சோதித்த பின்னரே ஏனையவற்றில் நிறுவுதல் வேண்டும். மூலப்படியின் திருத்தம் நாற்பதிலும் பரவுவது போலவே, அதன் பிழையும் நாற்பதிலும் பரவுமன்றோ?