பட்டியலில் இருந்த வேர்க்கடலை

போன பங்குனியில் பேரனுக்கு மொட்டை போட மகன் குடும்பத்தோடு திருத்தணி வந்திருந்தான். மலைமேல் வேண்டுதலை முடித்துவிட்டு நேராக நிலத்துக்கு வந்தோம். அன்றைக்குத்தான் கடலை பிடுங்கியிருந்தோம். அவித்த கடலையை முறத்தில் கொட்டியதும் மூன்று வயதுப் பிள்ளை ஓடிவந்து ஒரு கை அள்ளினான். மருமகள் பாய்ந்து வந்து தட்டிவிட்டாள்.

"அவனுக்குக் கடலை ஆகாது மாமா. டெஸ்ட்லயே வந்திருக்கு."

பிள்ளைக்கு ஒரு வயதிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தோல் தடித்து, ராத்திரியெல்லாம் ரத்தம் வரச் சொறிவான். யாரோ சொன்னார்கள் என்று ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். பால், முட்டை, கோதுமை, கடலை, இறால் என்று ஒரு பட்டியல் வந்தது. ஆறு மாதமாக எல்லாவற்றையும் நிறுத்தியாச்சு. சொறி குறையவில்லை; பிள்ளையின் எடைதான் குறைந்தது.

'நம்ம கடலை மருந்தடிக்காதது, ஒண்ணும் செய்யாது' என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

வரம்பு வேறு, கடன் வேறு

பிறகு சென்னையில் ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் நானும் கூடப் போனேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "இந்த டெஸ்டுக்கு முன்னாடி கடலை சாப்பிட்டிருக்கானா?" என்றுதான் முதலில் கேட்டார். "கடலை மிட்டாய் நிறைய சாப்பிட்டிருக்கான், ஒண்ணும் ஆகல" என்றாள் மருமகள்.

அவர் விளக்கியதை வங்கிக்காரனாக நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கடன் வரம்பு அனுமதித்தால் கடன் வாங்கியதாக ஆகிவிடாது. அதுபோல, ரத்தத்தில் ஒரு உணவுக்கு எதிர்ப்புப் பொருள் இருப்பது வேறு; அதைச் சாப்பிட்டால் உடம்பு முரண்டு பிடிப்பது வேறு. பெங்களூரு, மைசூரு பகுதிகளில் பெரியவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 26 பேருக்கு மேல் ஏதாவது ஒரு உணவுக்குப் பரிசோதனை 'பாசிட்டிவ்'. உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்களோ நூற்றுக்கு 1.2 பேர்தான்.

அதற்காக, கரப்பானுக்கும் உணவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடுமையான கரப்பான் உள்ள சிறு பிள்ளைகள் பலருக்கு உணவு ஒவ்வாமையும் கூடவே இருக்கும். மருத்துவமனையிலேயே வைத்து, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள். பால், கோதுமை, கடலை, இறால் எதுவும் ஒன்றும் செய்யவில்லை. முட்டைக்கு மட்டும் அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. முட்டையை மட்டும் நிறுத்தினோம்.

வயிற்றுக்கு முன்னால் தோல்

வரப்பு உடைந்தால் தண்ணீர் நிற்காது. கரப்பான் உள்ள தோலும் அப்படித்தான். ஈரம் வெளியே போகும், வெளியே உள்ளது உள்ளே நுழையும். வெடித்த தோல் வழியாக உள்ளே போகிற உணவுப் பொருளை உடம்பு எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். வாய் வழியாக வருவதைப் பழகிக்கொள்ளும். இதுதான் இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் பலருடைய கருத்து. கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைச் சொறிப் புண்ணில் தடவிய குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை அதிகம் என்று 2003இலேயே இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. செக்கு வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும்: வெடித்த தோலில் கடலை எண்ணெய் வேண்டாம்.

2015இல் லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு முடிவு வந்தது. எல்லோருக்கும் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தது. ஐந்து வயது வரை கடலையே தராதவர்களில் 17 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை வந்தது. கைக்குழந்தையிலிருந்தே தொடர்ந்து கொடுத்தவர்களில் 3 சதவீதம்தான். அதாவது, பயந்து ஒதுக்குவதே சில சமயம் வினையாகிவிடுகிறது.

நாம் சொல்லக்கூடாதது

நஞ்சில்லா உணவுக்கு ஆயிரம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வாமையைக் கிளப்புவது கடலைக்குள் இருக்கும் புரதம். ஜீவாமிர்தம் ஊற்றினாலும் யூரியா போட்டாலும் அது அங்கேதான் இருக்கும். நேரடியாக விற்கும் நாம் 'இயற்கைக் கடலை, கரப்பான் பிள்ளைக்கும் கொடுக்கலாம்' என்று வாய்விடக் கூடாது. உண்மையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிர் விஷயம். சாப்பிட்டதும் உதடு வீங்குவது, மூச்சு இளைப்பது, திரும்பத் திரும்ப வாந்தி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரொம்ப நாள் நிறுத்திய உணவை வீட்டிலேயே திரும்பக் கொடுத்துப் பார்க்கவும் கூடாது.

பேரனுக்கு இன்னும் கரப்பான் முழுசாகப் போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவுகிறார்கள். இப்போது ராத்திரி தூங்குகிறான், எடையும் ஏறியிருக்கிறது. முழுக் கடலை சின்னப் பிள்ளைக்குப் புரையேறும் என்பதால் அரைத்துத்தான் கொடுக்கிறோம். போன வாரம் மருமகள் போனில், "மாமா, சட்னிக்குக் கடலை தீர்ந்துபோச்சு, அனுப்புங்க" என்றாள்.

மூட்டை கட்டி வைத்திருக்கிறேன்.