டிஷ்ஷுக்குள் நடக்கும் கழித்தல்

கூரை மேல் இருக்கும் டிஷ் பிடிக்கும் அலைவரிசை ஒன்று. கேபிள் வழியே செட்டாப் பாக்ஸுக்கு வந்து சேரும் அலைவரிசை வேறொன்று. நடுவில் ஒரு கழித்தல் நடக்கிறது. அதை ஒரு எக்செல் தாளில் நாமே போட்டு வைத்துக்கொண்டால், திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வரும்போது எங்கிருந்து தேடுவது என்பது தெரிந்துவிடும். மெக்கானிக் வேறு தீவிலிருந்து கப்பலேறி வரவேண்டிய அந்தமான் நிக்கோபாரில் இது சின்ன உதவி அல்ல.

சென்னையிலிருந்து அந்தத் தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் செயல்படத் தொடங்கியது 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான். அதற்கு முன் வெளியுலகத் தொடர்புக்குப் பெரிதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தார்கள். 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தன் கட்டணமில்லா டி.டி.எச். சேவையைத் தொடங்கியபோது (இன்றைய டிடி ஃப்ரீ டிஷ்), அதன் கேயூ பேண்ட் ஒளிபரப்பு அந்தமானுக்கு எட்டவில்லை. பிறகு தீவுகளுக்கென்றே சி பேண்டில் பத்து சேனல்களுக்கு ஏற்பாடு செய்தார்கள். இதனால் பெரிய டிஷ், வேறு எல்.என்.பி., வேறு கணக்கு என்றாகிவிட்டது.

சி பேண்டில் செயற்கைக்கோள் அனுப்பும் அலைவரிசை வழக்கமாக 3,700 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரை. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் கடந்து மிக மெலிந்து வரும் அந்த அலையை அப்படியே கேபிளில் விட்டால் வழியிலேயே பெரும்பகுதி வீணாகிவிடும். அலைவரிசை ஏற ஏறக் கேபிளின் இழப்பும் ஏறும். அதனால் டிஷ்ஷின் முன்னால் நிற்கும் எல்.என்.பி. தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வந்த அலையோடு கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கீழே அனுப்புகிறது. சி பேண்ட் எல்.என்.பி.யின் உள் அலை 5,150. சேனல் 3,800இல் இருந்தால் 5150 − 3800 = 1350. இதுவே 4,100 என்றால் 1,050. மேலே பெரிய எண்ணாக இருப்பது கீழே சிறியதாகிவிடுவதைக் கவனியுங்கள்.

கேயூ பேண்டில் இது தலைகீழ். அங்கே உள் அலை 9,750 அல்லது 10,600. வருகிற அலை அதைவிடப் பெரியது. டிடி ஃப்ரீ டிஷ்ஷின் 11,090ஐ எடுத்துக்கொண்டால் 11090 − 9750 = 1340. பெட்டி கேட்கும் எல்லை பொதுவாக 950 முதல் 2,150 வரை என்பதால் சரியாக வந்து உட்காரும். மெனுவில் தவறுதலாக 10,600 என்று வைத்திருந்தால் விடை 490. பெட்டி அதைத் தேடவே தேடாது. டிஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை.

தாள் போடுவது எளிது. முதல் பத்தியில் சேனலின் அலைவரிசை, இரண்டாவதில் உள் அலை, மூன்றாவதில் வித்தியாசம், நான்காவதில் அது 950க்கும் 2,150க்கும் நடுவே இருக்கிறதா என்ற சோதனை. வித்தியாசத்துக்கு ‘ஏபிஎஸ்’ ஃபார்முலாவைப் போட்டால் கழித்தல் குறி போய்விடும். இரண்டு பேண்டுக்கும் ஒரே தாள் போதும்.

இவ்வளவையும் பெட்டியே செய்துகொள்கிறதே, தாள் எதற்கு என்று கேட்கலாம். எல்.என்.பி.யின் மேல் அச்சிட்டிருக்கும் 5,150 எப்போதும் 5,150 அல்ல என்பதுதான் பதில். மலிவான எல்.என்.பி.யில் வெயிலுக்கும் வயதுக்கும் ஏற்ப அது ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் நகரும். 1,350இல் வரவேண்டிய சேனல் சிக்னல் மீட்டரில் 1,352இல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 3800 + 1352 = 5152. உண்மையான உள் அலை இதுதான். இதை ஒரு கட்டத்தில் போட்டால் பட்டியல் முழுவதும் ஒரே நொடியில் திருந்திவிடும். அகன்ற அலைகளுக்கு இந்த நகர்வு பொருட்டில்லை. குறுகலான சின்ன சேனல்கள்தான் இதனால் காணாமல் போகும். பெட்டியின் மெனு இந்தச் சேதியைச் சொல்லாது.

மற்றொரு பயனும் உண்டு. 2022இல் இந்தியாவில் 3,300 முதல் 3,670 வரையிலான அலைவரிசை 5ஜிக்கு ஏலம் விடப்பட்டது. கழித்துப் பார்த்தால் கேபிளில் 1,480 முதல் 1,850 வரை. மீட்டரில் அந்தப் பகுதியில் பெரிய மேடு எழுந்தால், குற்றவாளி அருகிலுள்ள செல்பேசிக் கோபுரமாக இருக்கலாம், எல்.என்.பி.யை மாற்றுமுன் ஒரு ஃபில்டர் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே தாளின் அடுத்த பக்கத்தில் டிஷ்ஷின் கோணத்தையும் போடலாம். எடுத்துக்காட்டாக, ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இருப்பது 92.7இல். அந்த இடத்தைப் பார்க்கச் சென்னையில் தென்கிழக்கே திருப்ப வேண்டிய டிஷ்ஷை இங்கே ஏறக்குறைய நேர் தெற்கே வைத்து, 76 பாகை நிமிர்த்த வேண்டும். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் அது 82 பாகை. கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் டிஷ். இரண்டு பருவமழையும் கொட்டும் ஊரில் தண்ணீர் தேங்கும். வலைக்கம்பி டிஷ்ஷே அங்கு நல்லது. தகட்டு டிஷ் என்றால் அடியில் வடிகால் துளை அவசியம். எக்செல் கோணத்தை ரேடியனில் கேட்கும். பாகையை மாற்றிக் கொடுக்காவிட்டால் விடை தாறுமாறாகும்.

தாளைப் போட்டதும், நன்றாக வந்துகொண்டிருக்கும் ஒரு சேனலை வைத்து முதலில் சரிபாருங்கள். பிறகு ஃபோனில் சேமித்துக்கொண்டு கூரை ஏறுங்கள். அதைத் திறக்க இணையம் தேவையில்லை.