நிறைந்த வட்டும் இரண்டு அளவைகளும்

வீட்டு வழங்கி என்பது, ஓர் இல்லத்தாரின் ஒளிப்படங்களையும் இசையையும் ஆவணங்களையும் காத்து, அவர்கள் கேட்கும்பொழுதெல்லாம் எடுத்து வழங்குவதற்கென்று இரவுபகல் ஓயாமல் இயங்கும் கணினி. பழைய மேசைக்கணினி ஒன்றோ உள்ளங்கையளவுச் சிறுகணினி ஒன்றோ லினக்சு இயங்குதளத்தைத் தாங்கி இப்பணியைச் செய்வது பெருவழக்கு. அதனுள் இருவகை வட்டுகள் அமையும். இயங்குதளமும் மென்பொருள்களும் அவை எழுதிவைக்கும் குறிப்புகளும் தங்குவது இயக்கவட்டு. இல்லத்தார் சேர்த்துவைத்த கோப்புகள் தங்குவது வைப்புவட்டு. வைப்புவட்டு நாள்தோறும் வளர்வது. அது நிறைவதில் வியப்பில்லை. இயக்கவட்டோ ஒருமுறை அமைத்தபின் பெரிதும் வளர வேண்டாதது. ஆதலால், அது நிறைந்ததென்றால் அந்நிறைவுக்குத் தனியே ஓர் ஏது இருந்தே தீரும்.

இயக்கவட்டு நிறைந்த நாளில் தரவுத்தளம் தொடங்க மறுக்கும். ஒளிப்படம் ஏற்றப்படாமல் நிற்கும். நிகழ்வுப்பதிவு இடையிலேயே அறும். எந்த மென்பொருள் கேட்டாலும் இயங்குதளத்தின் உட்கருவாகிய கருனி தரும் விடை ஒன்றே: கருவியில் இடம் இல்லை. லினக்சின் பிழைநிரலில் அதற்கு 28 என்னும் எண். இவ்விடையைக் கண்டவுடன் கைக்கெட்டிய பெருங்கோப்புகளை அழிக்கத் தொடங்குவோர் பலர். அது பிழையான தொடக்கம். நிறைந்தது எது, நிறைத்தது எது என்று அறியுமுன் அழிப்பவர், இடத்தை மீட்பது அரிது. சான்றை இழப்பது உறுதி. கோப்பமைப்பின் நெறியை அறிந்தவருக்கோ, அந்நெறியே தேடும் வழியைக் காட்டும்.

கோப்பமைப்பு என்பது, வட்டின் பரப்பை ஒத்த அளவுள்ள கட்டங்களாகப் பகுத்து, எக்கட்டம் எக்கோப்புக்கு உரியது என்று கணக்கு வைக்கும் ஒழுங்கு. லினக்சில் பரவலாக வழங்கும் இ.எக்சு.டி.4 கோப்பமைப்பில் ஒரு கட்டம் பொதுவாக 4096 பைட்டு. ஓர் எழுத்தே உடைய கோப்பும் ஒரு முழுக் கட்டத்தைக் கொள்ளும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சுட்டுக்கணு உண்டு. கோப்பின் அளவு, அதற்கு உரியவர், அதைப் படிக்கவும் எழுதவும் யாருக்கு இசைவு, அது கடைசியாக மாறிய நேரம், அதன் உள்ளடக்கம் கிடக்கும் கட்டங்கள் ஆகிய அனைத்தும் அக்கணுவில் அடங்கும். ஒன்று மட்டும் அதில் இல்லை. அது கோப்பின் பெயர். பெயர் இருப்பது அடைவில். அடைவு என்பது பெயர்களையும் சுட்டுக்கணு எண்களையும் இணைத்து எழுதிய நிரலேயன்றி வேறன்று. ஒரே கணுவைப் பல பெயர்கள் சுட்டலாம். எத்தனை பெயர்கள் தன்னைச் சுட்டுகின்றன என்னும் பெயரெண்ணிக்கையைக் கணு தன்னுள் குறித்து வைத்திருக்கும். பெயரைப் பொருளினின்றும் பிரித்து நிறுத்திய இவ்வமைப்பு, 1969-இல் தொடங்கிப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிசு ரிட்சியும் உருவாக்கிய யூனிக்சு இயங்குதளத்தின் கொடை. அரை நூற்றாண்டு கடந்தும், ஒரு வீட்டு வழங்கியின் சிக்கலை அவிழ்க்க அதனினும் சிறந்த திறவுகோல் இல்லை.

நிறைவு என்பது இதனால் மூவகைப்படும். கட்டங்கள் தீர்ந்து போதல் கட்டநிறைவு. சுட்டுக்கணுக்கள் தீர்ந்து போதல் கணுநிறைவு. பொதுப்பயனருக்கு உரிய பங்கு மட்டும் தீர்ந்து போதல் ஒதுக்குநிறைவு. கருனி இம்மூன்றுக்கும் அதே 28-ஆம் பிழையைத் தருவதால், வேறுபாட்டை நாமே அறிந்தாக வேண்டும்.

கணுநிறைவு அரிதாயினும் பெரிதும் குழப்புவது. இ.எக்சு.டி.4 கோப்பமைப்பில் கணுக்களின் எண்ணிக்கை, வட்டை முதன்முதல் வகுக்கும்பொழுதே உறுதியாகிவிடுகிறது. 16,384 பைட்டுக்கு ஒரு கணு என்பது இயல்பளவு. 32 கிகாபைட்டுப் பகுதிக்கு ஏறத்தாழ இருபது நூறாயிரம் கணுக்கள் கிடைக்கும். படங்களின் சிற்றுருக்களையோ அஞ்சல்களையோ தனித்தனிச் சிறுகோப்புகளாகக் குவிக்கும் மென்பொருள் அத்தனை கணுக்களையும் உண்டுவிடின், கட்டங்கள் பாதிக்கு மேல் வெறுமையாய்க் கிடந்தும் ஒரு கோப்பையும் புதிதாய்ப் படைக்க இயலாது. இடம் இருக்கிறதென்று அளவை கூற, இடம் இல்லையென்று கருனி கூறும் முரண் இவ்வாறு எழுவதே.

ஒதுக்குநிறைவின் வேர் பழையது. மெக்கூசிக், சாய், லெஃப்ளர், ஃபேப்ரி ஆகிய நால்வர் பெர்க்கிலியில் ஆய்ந்து 1984-இல் வெளியிட்ட கட்டுரையில், வட்டு முற்றும் நிறைய விடாமல் ஒரு பங்கை ஒதுக்கிக் காத்தால்தான் ஒரு கோப்பின் கட்டங்கள் சிதறாமல் அணித்தணி அமையும் என்று விளக்கினர். இ.எக்சு.டி.4 அவ்வழியில் ஐந்து விழுக்காட்டை, எல்லா இசைவும் உடைய முதன்மைப் பயனருக்கென ஒதுக்குகிறது. 200 கிகாபைட்டு வட்டில் அது 10 கிகாபைட்டு. வட்டு நிறைந்த நேரத்திலும் முதன்மைப் பயனர் உள்நுழைந்து சீர்செய்ய இயல்வது இவ்வொதுக்கீட்டினால்தான் என்பதால், இயக்கவட்டில் இதைக் குறைக்க முனைவது நல்லதன்று, வைப்புவட்டில் குறைத்துக்கொள்ளலாம்.

இனி அளவைக்கு வருவோம். டி.எஃப்., டி.யூ. என்னும் இரு கட்டளைகள் யூனிக்சின் தொடக்க நாள்களிலிருந்தே வழங்குகின்றன. நெற்கிடங்கில் இருப்பேட்டைப் புரட்டிக் கூட்டுத்தொகையைச் சொல்வது ஒரு முறை. உள்ளே சென்று மூட்டைகளை ஒவ்வொன்றாய் எண்ணுவது மற்றொரு முறை. டி.எஃப். முன்னதைச் செய்கிறது: கோப்பமைப்பு தானே வைத்திருக்கும் கணக்கைக் கேட்டு, நொடிப்பொழுதில் விடை தருகிறது. டி.யூ. பின்னதைச் செய்கிறது: வேரடைவில் தொடங்கிக் கிளைதோறும் நடந்து, பெயருள்ள ஒவ்வொரு கோப்பின் கட்டங்களையும் கூட்டுகிறது. முன்னதை ஏட்டளவை என்றும் பின்னதை நடையளவை என்றும் வழங்குவோம். இரண்டும் ஏறக்குறைய ஒத்தால், வட்டை நிறைத்த கோப்புகள் அனைத்தும் பெயருடையன, கண்ணுக்குப் புலப்படுவன என்று பொருள். இரண்டும் பெரிதும் வேறுபட்டால், அவ்வேறுபாட்டின் அளவே மறைந்து கிடப்பதன் அளவு. தேடல் முழுமையும் இந்த ஒரு கழித்தலில் அடங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஒப்பிடுமுன் மூன்றைக் கருத வேண்டும். நடையளவையை முதன்மைப் பயனராகவே எடுக்க வேண்டும். பொதுப்பயனர் நுழைய இசைவில்லாத அடைவுகள் பல இருப்பதால், அவர் எடுக்கும் அளவை குறைந்தே வரும். நடை இயக்கவட்டின் எல்லையைக் கடந்து வைப்புவட்டுக்குள் புகாதபடி கட்டளையில் தடுத்தல் வேண்டும். அலகும் ஒன்றாதல் வேண்டும்: வட்டு செய்வோர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகின்றனர், இக்கட்டளைகள் 1024-இன் மடங்கில் எண்ணுவது வழக்கம். 500 என்று விற்கப்படும் வட்டு 465 என்று தோன்றுவது இதனால். அங்கே களவுபோனது ஒன்றுமில்லை.

இயக்கவட்டு 60 கிகாபைட்டு என்றும், ஏட்டளவை 57 பயன்பட்டதாகச் சொல்ல, நடையளவை 21 மட்டுமே காண்கிறது என்றும் கொள்வோம். எஞ்சிய 36 எங்கே? விடை இரண்டில் ஒன்று: அது பெயரற்ற கோப்பு, அன்றேல் மூடுண்ட கோப்பு.

பெயரற்ற கோப்பை முதலில் ஆய்வோம். ஒரு கோப்பை அழித்தல் என்று நாம் சொல்வது, அடைவிலிருந்து ஒரு பெயரை நீக்குதல் மட்டுமே. பெயர் நீங்கியதும் கணுவின் பெயரெண்ணிக்கை ஒன்று குறையும். அவ்வெண்ணிக்கை சுழியாகி, அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் இயங்குநிரல் ஒன்றும் இல்லை என்னும் நிலையும் வந்த பின்னரே கருனி கட்டங்களை விடுவிக்கும். நிகழ்வுப்பதிவு ஒன்று வீங்கிப் பெருத்திருப்பதைக் கண்டு ஒருவர் அதை அழிக்கிறார். பெயர் மறைகிறது, ஆயினும் அதை எழுதும் மென்பொருள் கோப்பைத் திறந்தபடியே மேலும் மேலும் எழுதிக்கொண்டிருக்கிறது. எந்த அடைவும் இப்பொழுது அதைக் காட்டாது. ஏடு மட்டும் அதன் கட்டங்களைத் தவறாமல் எண்ணும். இதை வடிவமைப்பின் குறை என்று கருதலாகாது. இடைக்கோப்பு ஒன்றைத் திறந்த கையோடு அதன் பெயரை நீக்கிவிடுவது நிரலர்களின் நெடுநாள் வழக்கம். நிரல் நடுவே முறிந்தாலும் வட்டில் எச்சம் நில்லாது. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள், தன் நூலகக் கோப்புகள் புதுப்பிக்கப்பட்ட பின்னும் பழையவற்றைப் பற்றிக்கொண்டு தடையின்றி ஓடுவதும் இந்நெறியால்தான்.

திறந்த கோப்புகளைக் காட்டும் எல்.எசு.ஓ.எஃப். என்னும் கருவியிடம், பெயரெண்ணிக்கை ஒன்றினும் குறைந்தவற்றை மட்டும் கேட்டால், பெயரற்ற கோப்பும் அதைப் பற்றியிருக்கும் இயங்குநிரலும் ஒரே வரியில் வெளிப்படும். அந்த ஒரு பணியை நிறுத்தித் தொடங்கினால் போதும். கட்டங்கள் உடனே விடுபடும். கணினியையே அணைத்துத் தொடங்கினாலும் இடம் மீளும் என்பது உண்மை. ஆனால் எந்த நிரல் பற்றியிருந்தது என்னும் சான்று அத்துடன் அழியும். சில கிழமைகளில் அதே நிறைவு மீண்டும் வரும். எனவே அணைத்துத் தொடங்குவதைக் கடைசி வழியாகக் கொள்ள வேண்டும்.

மூடுண்ட கோப்பு வேறுவகை. லினக்சில் எல்லா வட்டுகளும் ஒரே அடைவுமரத்தின் கிளைகளாக அமைகின்றன. வைப்புவட்டை அம்மரத்தின் ஓர் அடைவில் பொருத்துவர். அவ்வடைவுக்குப் பொருத்துமிடம் என்று பெயர். பொருத்துமிடமும் இயக்கவட்டில் உள்ள இயல்பான ஓர் அடைவே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மின்வெட்டுக்குப் பின் கணினி எழுகிறது. புற இணைப்பில் உள்ள வைப்புவட்டு எழவில்லை. அது இல்லாவிடினும் தொடங்குக என்று பொருத்தற்குறிப்பில் எழுதியிருப்பதால், இயங்குதளம் தடையின்றித் தொடங்குகிறது. நள்ளிரவில் காப்புப்படி எடுக்கும் நிரல் தன் இலக்கு அடைவைத் தேடுகிறது, அடைவு இருக்கிறது, வெறுமையாக இருக்கிறது, அதில் எழுதுகிறது. எழுதப்பட்டவை அனைத்தும் இயக்கவட்டில் சேர்கின்றன. மறுநாள் வட்டைச் சீராக்கிப் பொருத்தியதும், அதன் கோப்புகளே அவ்வடைவில் தோன்றும். அடியில் கிடக்கும் காப்புப்படி முற்றும் மறைந்துவிடும். நடையளவை அதைக் காணாது. பெயரற்ற கோப்புக்குக் கண்ட மருந்தும் இங்குப் பயன்படாது. எத்தனை முறை அணைத்துத் தொடங்கினாலும் அது அங்கேயே கிடக்கும். அணைத்துத் தொடங்கியும் இடம் மீளவில்லையெனில், ஐயம் முதலில் பொருத்துமிடங்களின்மேல் செல்ல வேண்டும்.

அடியில் கிடப்பதைக் காண வைப்புவட்டைக் கழற்ற வேண்டியதில்லை. வேரடைவை வேறோர் அடைவில் இரண்டாம் முறை பிணைத்துப் பொருத்தினால், மேலே பொருத்திய வட்டுகள் எவையுமின்றி இயக்கவட்டு மட்டும் தன் உண்மையுருவில் அங்கே தோன்றும். அவ்வுருவில் நடையளவையை மீண்டும் எடுத்தால், மறைந்த 36-உம் தன் அடைவின் பெயரோடு எதிரே நிற்கும். அதையும் உடனே அழிக்கலாகாது. மின்வெட்டு நாளின் காப்புப்படி வேறெங்கும் இல்லாத ஒன்றாக இருக்கக்கூடும். வைப்புவட்டுக்கு மாற்றியபின் நீக்குவதே முறை.

இரு அளவைகளும் ஒத்துவரும் எளிய நிலைக்கு விரிவுரை வேண்டா. கிளைதோறும் மிகப் பெரியதைத் தேடி இறங்கினால் வேர் அகப்படும். பெரும்பாலும் அகப்படுவது நிகழ்வுப்பதிவு. லினக்சின் பணிகளைத் தொடக்கி நடத்தும் சிசுடம்-டியின் பதிவேடு, கோப்பமைப்பில் பத்து விழுக்காட்டுக்கும் 4 கிகாபைட்டுக்கும் மேல் போகாமல் இயல்பாகவே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆனால் மென்பொருள்களைத் தனித்தனியே அடைத்து இயக்கும் டாக்கர் கொள்கலன்களின் இயல்பான பதிவுமுறைக்கு எல்லை ஏதும் இல்லை. பிழையொன்றை நொடிதோறும் முறையிடும் ஒரு கொள்கலன், கேட்பாரின்றி வட்டு முழுவதையும் உண்ணும். எல்லை வகுப்பது நடத்துபவர் பொறுப்பு. பி.டி.ஆர்.எஃப்.எசு. போன்ற கோப்பமைப்புகளில், ஒரு நேரத்து நிலையை அப்படியே காத்துவைக்கும் நொடிப்படங்கள் பழைய கட்டங்களைப் பற்றியிருக்கும். அங்கே கோப்பை அழித்தும் இடம் மீளாததற்கு ஏது அந்நொடிப்படங்களே.

காப்புக்கு வழிகள் சில உறுதியானவை. வைப்புவட்டைக் கழற்றிய நிலையில், வெறும் பொருத்துமிடத்துக்கு மாறாப்பண்பு என்னும் குறியை இட்டுவிட்டால், முதன்மைப் பயனரும் அதில் எழுத இயலாது. வட்டு பொருத்தப்படாத இரவில் காப்புப்படி நிரல் அமைதியாகப் பிழைபடுவதற்கு மாறாக வெளிப்படையாகத் தோற்று நிற்கும். பதிவுகளும் கொள்கலன்களும் தங்கும் அடைவைத் தனிப்பகுதியாக வகுத்தால், அது நிறைந்தாலும் இயங்குதளம் தளராது. ஏட்டளவையோடு கணுவளவையையும் நாள்தோறும் எடுத்து, எண்பது விழுக்காட்டைக் கடந்ததும் அஞ்சல் அனுப்பும் சிறுநிரலும் வேண்டும்.

இவற்றோடு, வழங்கி நடத்தும் தமிழர் ஒவ்வொருவரும் தம் கணினியிலேயே ஒரு குறிப்புக்கோப்பைத் தமிழில் எழுதி வைக்குமாறு வேண்டுகிறேன்: எந்த அடைவு பொருத்துமிடம், எந்தப் பதிவுக்கு என்ன எல்லை, எந்த இரவில் எந்நிரல் எழுதும் என்பன அதில் இருக்கட்டும், நாளை அக்கணினியைக் காக்கவிருக்கும் நம் மக்கள் அதைப் படிப்பர். கோப்பின் பெயரையும் தமிழிலேயே இடலாம். லினக்சுக் கருனி பெயரைப் பைட்டுகளின் வரிசையாகவே கொள்வதால் எம்மொழியும் அதற்கு ஒன்றே. ஒருங்குறித் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ள, 255 பைட்டு எல்லைக்குள் 85 தமிழ்க்குறிகள் கொண்ட பெயர் இனிதே அமையும்.