பகலில் விழித்து இரவில் உறங்கும் கேமரா

மீஞ்சூரில் லாரி உதிரிபாகங்கள் விற்கும் ஒரு சிறு கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்புறம் கல்லாப்பெட்டி, பின்புறம் கிடங்கு. வாசலில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகள். கடைக்காரர் நான்கு கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்துகிறார். பகலெல்லாம் படம் தெளிவாக இருக்கிறது. இருட்டியதும் கிடங்குக் கேமரா மட்டும் அணைகிறது, சிறிது நேரத்தில் தானே எழுகிறது, மறுபடி அணைகிறது. விடியும்வரை இதே கண்ணாமூச்சி. திருடன் வருவதோ இரவில்! கேமராதான் பழுது என்று மாற்றி வாங்குகிறார். புதியதும் அப்படியே செய்கிறது. குற்றவாளி யார்?

கேமரா அன்று, அதற்கு மின்சாரம் கொண்டு செல்லும் கம்பி. எப்படி என்று பார்ப்போம்.

லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிலிக்கான் சில்லு இருக்கிறது. போதிய ஆற்றலுள்ள ஒளித்துகள் அதில் மோதினால் உள்ளே ஓர் எலக்ட்ரான் விடுபடும். 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கிய ஒளிமின் விளைவுக்கு இது நெருங்கிய உறவு. சிலிக்கானுக்கு வேண்டிய ஆற்றல் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். நம் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளம் வரைதான் காணும். சிலிக்கானோ 1100 நானோமீட்டர் வரை உணரும். இந்த வேறுபாட்டைத்தான் கேமரா பயன்படுத்திக்கொள்கிறது. அதன் முகத்தைச் சுற்றியுள்ள சிறு எல்.இ.டி. விளக்குகள் இருட்டியதும் 850 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை வீசுகின்றன. நமக்கு இருட்டு; கேமராவுக்கு வெளிச்சம். மாலையில் கேமராவினுள் 'டிக்' என்று ஓர் ஓசை கேட்டிருப்பீர்கள். பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி விலகும் ஓசை அது.

இந்த விளக்குகளுக்கும் மின்சாரம் வேண்டுமல்லவா? பகலில் 0.2 ஆம்பியர் இழுக்கும் கேமரா, இரவில் 0.4 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். மின்வழங்கி 12 வோல்ட் தருகிறது. கிடங்கு 30 மீட்டர் தொலைவில். போகவர மொத்தம் 60 மீட்டர் கம்பி. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக்கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.017 ஓம். மலிவான கேபிளில் உள்ளது 0.2 சதுர மில்லிமீட்டர் என்றால், மொத்தத் தடை 5.1 ஓம். இனி ஓம் விதி. பகலில் கம்பியில் இழப்பு ஒரு வோல்ட். கேமராவுக்கு 11 வோல்ட் கிடைக்கிறது. இரவில் இழப்பு இரண்டு வோல்ட், மிஞ்சுவது பத்து. பத்து சதவீத ஏற்ற இறக்கத்தையே தாங்கும் கேமரா 10.8 வோல்ட்டுக்குக் கீழே தள்ளாடும். அது அணைந்ததும் விளக்குகளும் அணைகின்றன, மின்னோட்டம் குறைகிறது, அழுத்தம் உயர்கிறது, கேமரா விழித்து மீண்டும் விளக்கை ஏற்றுகிறது. கண்ணாமூச்சியின் இரகசியம் இவ்வளவுதான்.

செம்பு என்று விற்கப்படும் சில கேபிள்களில் உள்ளே இருப்பது செம்புப் பூச்சிட்ட அலுமினியம். தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கத்தியால் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். உப்புக்காற்று வீசும் இந்தப் பகுதியில் செம்பும் அலுமினியமும் சேருமிடம் விரைவில் அரிக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி போட்டால் இரவில்கூட இழப்பு 0.4 வோல்ட்தான். இன்னொரு வழியும் உண்டு. வலையமைப்புக் கேபிளிலேயே சுமார் 48 வோல்ட்டில் மின்சாரம் அனுப்பும் முறை 2003-இல் தரப்படுத்தப்பட்டது. அழுத்தம் நான்கு மடங்கானால் அதே திறனுக்கு மின்னோட்டம் கால்பங்கு. அதே கம்பியில் வீணாகும் திறன் பதினாறில் ஒன்று. பக்கத்து அனல்மின் நிலையங்கள் இலட்சக்கணக்கான வோல்ட்டில் மின்சாரம் அனுப்புவதும் இதற்காகவே.

கம்பி சரியாகிவிட்டது. இரவில் வந்தவன் முகம் தெரியுமா? இங்கே எளிய வடிவொத்த முக்கோணக் கணக்கு போதும். 4.8 மில்லிமீட்டர் அகலச் சில்லு, 3.6 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால், 12 மீட்டர் தொலைவில் கேமரா காணும் அகலம் 16 மீட்டர். படத்தின் குறுக்கே 1920 புள்ளிகள், மீட்டருக்கு 120. முன்பின் அறியாதவரை அடையாளங்காட்ட மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரவரையறை. அதற்கு ஆள் ஆறு மீட்டருக்குள் வந்தாக வேண்டும். எனவே தெருவையே பார்க்கட்டும் என்று உயரத்தில் மாட்டுவதைவிட, எவரும் கடந்தே தீரவேண்டிய வாசலை நோக்கி ஒன்றைத் தாழ்வாக மாட்டுவது நலம். அயல்வீட்டு சன்னல் அதில் படாமலிருப்பதும் நலம்.

ஓர் எச்சரிக்கை. அகச்சிவப்பில் நிறங்கள் பொய் சொல்லும். கறுப்புச் சாயமிட்ட பல துணிகள் அக்கதிரை நன்கு எதிரொளிப்பதால் படத்தில் வெளுப்பாகத் தோன்றும். "வெள்ளைச் சட்டைக்காரன்" என்று கடைப்பையனைச் சந்தேகிக்குமுன் இதை எண்ணிப் பாருங்கள். ஒருவன் வேலை, மானம் இரண்டும் அதில் அடங்கியிருக்கிறது.

கேமராப் பெட்டியில் ஐ.பி.66 என்று அச்சிட்டிருக்கும். முதல் ஆறு தூசி புகாது என்பதற்கு. இரண்டாவது, பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதற்கு. உப்பு அரிப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நிலக்கரித்தூளும் சாம்பலும் கண்ணாடியில் படிந்தால், இரவில் கேமராவின் சொந்த வெளிச்சமே திரும்பி வந்து படத்தை வெண்புகையாக்கிவிடும். சிலந்திவலையும் அப்படியே. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பது எந்த விலையுயர்ந்த கேமராவுக்கும் தேவை.

பதிவுப்பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் எழுதினால் நாளொன்றுக்கு 43 ஜிகாபைட். நான்கு கேமராக்களுக்கு ஒரு டெராபைட் வட்டு ஆறு நாள்கூடத் தாங்காது. பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016-இல் 'மிராய்' என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் இத்தகைய கருவிகளைக் கைப்பற்றி இணையத்தை முடக்கியது.

கடைசியாக, பெட்டியின் கடிகாரம். அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிசகினால், ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஓராண்டில் பத்து நிமிடம். இரவு 11.50-க்கு நடந்தது 12.00 மணி என்று பதிவானால் தேதியே மாறிவிடும். இணைய இணைப்பு இருந்தால் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியை இயக்கிவிடுங்கள். இல்லையேல் மாதப்பிறப்பன்று கையால் திருத்துங்கள்.