எரவாடாவும் ஏர்வாடியும்

சென்னையில் ஒருவர் சற்றே தடுமாறிப் பேசினால், 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கேலி செய்வது நம்மவர் வழக்கம். பிழைப்பை நாடிப் புனேக்கு வந்த பின் ஊர்ப் பெயர்தான் மாறியது, கேலி மாறவில்லை. இங்கே அது 'எரவாடா'. காந்தியடிகள் சிறையிருந்த அதே எரவாடாவில்தான் வட்டார மனநல மருத்துவமனையும் இருக்கிறது. 2,540 படுக்கைகள் கொண்டதாக வளர்ந்து, ஆசியாவின் பெரிய மனநல மருத்துவமனைகளுள் ஒன்றெனப் பெயர் பெற்றது. சிறையையும் மருத்துவமனையையும் அருகருகே அமைத்த காலத்தவர், நோயையும் குற்றத்தையும் ஒருங்கே எண்ணினர் போலும்!

அப்பெயருக்கு அஞ்சியே பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மகன் இரவில் உறங்குவதில்லை. ஆளில்லாத அறையில் குரல் கேட்கிறது என்கிறான். உணவில் எவரோ நஞ்சு கலப்பதாக ஐயுறுகிறான். அன்னை கண்ணேறு கழிக்கிறார். தந்தையோ, கலியாணம் செய்து வைத்தால் தெளிந்துவிடும் என்கிறார். தங்கையின் வரன் தட்டிப்போகுமே என்று ஊரிலுள்ள உறவினருக்கும் சொல்வதில்லை. இவ்வாறு கழியும் ஒவ்வொரு மாதமும் குணத்தைத் தள்ளிப்போடுகிறது. இது மனச்சிதைவு என்னும் நோயாக இருக்கலாம். 1952-இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்தது முதல் இதற்கு மருந்து உண்டு. நீரிழிவுக்குப் போலவே நெடுநாள் உட்கொள்ள நேரலாம். கலியாணம் மருந்தன்று, வேறொரு வீட்டுப் பெண்ணையும் அத்துயரில் சேர்ப்பதே அதன் பலன்.

மறைப்பு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைத் தமிழராகிய நாம் அறிவோம். 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடுத்தது. நோயாளியைப் பற்றிய செய்தியை மருத்துவர் மந்தணமாகக் காக்க வேண்டும் என்றும் விதித்தது. அயலார் அறிவரே என்று அஞ்சுவோர் இதைக் கருதுக.

புனேக்காரர்களும் வாளாவிருக்கவில்லை. சுமித்ரா பாவேயும் சுனில் சுக்தன்கரும் இயக்கிய 'தேவ்ராய்' (2004) என்னும் மராத்திப் படம், இந்நோயுற்ற சகோதரனைப் பேணும் ஒரு சகோதரியைக் காட்டுகிறது. மராத்தி சிறிதளவே தெரிந்தாலும் குடும்பத்தோடு காணலாம்.

மொழி ஓர் இடர்ப்பாடுதான். கடைக்காரரிடம் பேசும் மராத்தி, மனத்துயரைச் சொல்லப் போதாது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில், 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உறக்கம் எப்போது கெட்டது, குரல் எந்நாள் முதல் கேட்கிறது என்பவற்றை முன்னரே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நலம்.