பரிசுத்தமும் கூலியும்: ஆதிக் கிறிஸ்தவத்தின் ஓர் எண்ணக்கரு பற்றிய நோக்கு

சமயச் சொற்கள் ஒரு மொழியில் நிலைபெற்ற பின்னர் வரலாறு அற்றவை போலத் தோற்றந் தருவது இயல்பு. ‘பரிசுத்தம்’ என்னும் சொல் அவற்றுள் ஒன்றாகும். கேகாலை மாவட்டத்து மாவனல்லையைச் சூழ்ந்த குன்றுகளிலே, றப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்த் தொழிலாளருள் இந்துக்கள் பெரும்பான்மையினர். கிறிஸ்தவர் சிறு தொகையினர். எனினும் ‘சுத்தம்’ என்பதைத் தீட்டுக்கு எதிர்ச்சொல்லாக வழங்குவதில் இரு சாராரிடையேயும் பெரும் வேறுபாடில்லை. கிறிஸ்தவ வேதத்திலே ‘பரிசுத்தம்’ என்னும் சொல்லைக் கேட்கும் தமிழர், அதனை இவ்வழக்கின் வழியாகவே விளங்கிக்கொள்கின்றனர். ஆதிக் கிறிஸ்தவப் போதனையில் இவ்வெண்ணக்கரு எதனைக் குறித்தது? அதன் பொருள் எவ்வாறு மாறியது? உழைப்போரின் வாழ்வோடு அம்மாற்றத்துக்கு உள்ள தொடர்பு யாது? இவ்வினாக்களையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

‘பரிசுத்தம்’ என நாம் மொழிபெயர்க்கும் எபிரேயச் சொல் ‘கதோஷ்’ என்பது. கிரேக்கச் சொல் ‘ஹகியோஸ்’ என்பது. கதோஷ் என்பதற்கு வேறாக ஒதுக்கி வைக்கப்பட்டது, கடவுளுக்கென உரித்தாக்கப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர் தரும் விளக்கம். சுத்தத்தைக் குறிக்க எபிரேயத்தில் வேறு சொல் உண்டு. ஒரு பொருளின் அழுக்கின்மையை அன்றி, அது யாருக்கு உரியது என்னும் உறவினையே கதோஷ் முதன்மையாகச் சுட்டிற்று எனலாம்.

இவ்வுறவு சமூக வாழ்வில் எத்தகைய கடமைகளை விதித்தது என்பதற்கு லேவியராகமம் 19 ஆம் அதிகாரம் தக்க சான்றாகும். இந்நூலின் 17 முதல் 26 வரையுள்ள அதிகாரங்களுக்குப் ‘பரிசுத்தச் சட்டத் தொகுதி’ என 1877 இல் ஜேர்மானிய அறிஞர் கிளொஸ்டர்மன் பெயரிட்டார். கடவுள் பரிசுத்தராதலின் மக்கள் அனைவரும் பரிசுத்தராதல் வேண்டும் என்னும் கட்டளையுடன் 19 ஆம் அதிகாரம் தொடங்குகின்றது. அதனைத் தொடர்வன யாவை? அறுவடையின்போது வயலோரத்தை ஏழைகளுக்கென விட்டுவைத்தல். கூலியாளின் ஊதியத்தை மறுநாட் காலைவரை வைத்திராமை. அளவையிலும் நிறுவையிலும் வஞ்சியாமை. குடியேறி வாழும் அந்நியனைச் சுதேசியைப் போல நடத்துதல். சடங்கு விதிகளும் அங்கு உள்ளனவெனினும், பரிசுத்தம் களத்திலும் தராசிலும் கூலிக் கணக்கிலும் சோதிக்கப்படும் ஒன்றாக அமைவது அவதானிக்கத்தக்கது.

ஆயினும் இத்தொகுதியை இலட்சியமயப்படுத்துவது வரலாற்றுணர்வுக்கு ஒவ்வாது. இதே தொகுதியின் 21 ஆம் அதிகாரம் உடற்குறையுடைய குருமாரைப் பலிபீடத்திலிருந்து விலக்குகின்றது. 25 ஆம் அதிகாரம் அந்நிய இனத்தவரை அடிமைகளாக விலைக்கு வாங்க அனுமதிக்கின்றது. உழைப்போனின் உரிமையைக் காக்கும் குரலும் குருமாரின் மேலாண்மையைக் காக்கும் குரலும் ஒரே நூலில் அருகருகே ஒலிக்கின்றன. பரிசுத்தம் என்பது தொடக்கந்தொட்டே முரண்பட்ட நலன்கள் மோதிய களம் என்பதே இதன் பொருள்.

முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பவுல் எழுதிய கடிதங்களில் இவ்வெண்ணக்கரு புதியதொரு திருப்பத்தைப் பெறுகின்றது. றோமாபுரியிலும் கொரிந்துவிலும் இருந்த சபையார் அனைவரையும் அவர் ‘ஹகியோய்’, அதாவது பரிசுத்தவான்கள், என்றே விளிக்கின்றார். துறவியும் தியாகியும் மட்டுமன்றி, கைவினைஞனும் அடிமையும் பெண்களும் உள்ளிட்ட முழுச் சபையும் இப்பெயருக்கு உரியதாயிற்று. ஆதிக் கிறிஸ்தவம் அடிமைகளினதும் ஒடுக்கப்பட்டோரினதும் இயக்கமாகத் தோன்றியது என 1894 இல் ஏங்கல்ஸ் எழுதினார்; கவுட்ஸ்கி 1908 இல் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். பவுலின் சபைகள் பல படிநிலையினரைக் கொண்டிருந்தன என்பதைப் பிற்கால ஆய்வுகள், குறிப்பாக வெயின் மீக்ஸ் 1983 இல் வெளியிட்ட நூல், காட்டியுள்ளன. இத்திருத்தம் ஏங்கல்சின் நோக்கினைப் பயனற்றதாக்கிவிடவில்லை. வர்க்க முரண்பாட்டைச் சபைக்கு வெளியே மட்டுமன்றிச் சபைக்கு உள்ளேயும் தேடவேண்டும் என்பதையே அது உணர்த்துகின்றது.

அவ்வாறு தேடுவோர்க்குக் கொரிந்துச் சபையின் உணவு மேசை தெளிவான சான்றினைத் தருகின்றது. வசதி படைத்தோர் தம் உணவை முந்தி உண்டு களிக்க, இல்லாதோர் பசித்திருந்தனர். அவ்வாறு உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று எனப் பவுல் கண்டிக்கின்றார். உணவு சுத்தமாகச் சமைக்கப்பட்டதா என்பது அங்கு வினாவன்று. அது எவ்வாறு பகிரப்பட்டது என்பதே வினா. மனிதனுக்குள்ளே செல்லும் எதுவும் அவனைத் தீட்டுப்படுத்தாது என்னும் மாற்கு நற்செய்தியின் போதனையும், எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் எனக் கொள்ளலாகாது எனப் பேதுரு உணர்ந்ததாகக் கூறும் அப்போஸ்தலர் நடபடிகளும் இதனோடு இயைவன. யாக்கோபின் கடிதம், கொடுக்கப்படாத கூலி தானே கூக்குரலிடுவதாகக் கூறிப் பழைய சட்டத்தின் குரலைப் புதுப்பிக்கின்றது.

ஆனால் இப்புரட்சிகர உள்ளடக்கத்துக்கும் எல்லை இருந்தது. அடிமைகள் சபையிற் பரிசுத்தவான்கள் எனப்பட்டனர். இல்லத்தில் அடிமைகளாகவே இருந்தனர். எசமானுக்குக் கீழ்ப்படியுமாறு கொலோசெயர் கடிதமும் பேதுருவின் முதற் கடிதமும் அவர்களுக்குப் புத்தி கூறுகின்றன. உற்பத்தி உறவுகளை மாற்றும் வலிமையற்ற ஒரு சமூகக் குழு, சமத்துவத்தை வழிபாட்டின் எல்லைக்குள் மட்டும் வாழ முயன்றதன் விளைவு இது.

பிற்பட்ட நூற்றாண்டுகளில் இவ்வெல்லையும் சுருங்கிற்று. தியாகிகளின் கல்லறைகளும் எலும்புகளும் தனிப் புனிதம் பெற்றன. 313 இல் கிறிஸ்தவம் சட்டப்படியான உரிமை பெற்று, 380 இல் றோமப் பேரரசின் சமயமான பின்னர், பரிசுத்தம் குருமாருக்கும் துறவிகளுக்கும் தலங்களுக்கும் உரிய சிறப்புப் பண்பாக மேலும் உறுதிப்பட்டது. அனைவரையும் குறித்த பெயர் ஒரு சிலரின் பட்டமாயிற்று. இலங்கையில் இதற்கு நாமறிந்த உதாரணம் யோசேப் வாஸ். கோவாவிலிருந்து 1687 இல் யாழ்ப்பாணம் வந்த இக்குரு, 1692 இல் கண்டி இராச்சியத்துள் நுழைந்தார். மாவனல்லை அடங்கிய சத்தரக் கோறளையும் அன்று அவ்விராச்சியத்தின் பகுதியே. 1697 இற் கண்டியிற் பெரியம்மை பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்ட நோயாளரை அவர் பராமரித்தார். 2015 சனவரி 14 இல் கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய தொண்டினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பவுலின் வழக்கில், அவரால் பராமரிக்கப்பட்ட கிறிஸ்தவ நோயாளரும் அதே பெயருக்கு உரியவர்கள் என்பது மறக்கப்பட்டுவிட்டது.

தமிழிலே இம்மாற்றம் மற்றொரு சுமையையும் ஏற்றது. பழைய கத்தோலிக்க வழக்கு வடமொழிச் சொற்களைக் கடன்கொண்டது; புனிதரை ‘அர்ச்சியசிஷ்டர்’ என வழங்கிற்று. புரட்டஸ்தாந்தர் வழக்கில் ‘பரிசுத்தம்’ வேரூன்றி, ஹென்றி பவர் தலைமையில் உருவான 1871 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக இன்றுவரை நிலைத்துள்ளது. இது வடமொழியில் முற்றும் சுத்தமானது எனப் பொருள்படும் சொல். சாதியமைப்பு நிலவிய சமூகத்திலே சுத்தம் நடுநிலையான சொல்லன்று. யார் யாரைத் தொடலாம், யாருடன் உண்ணலாம் என்பவற்றை வரையறுக்கும் கருத்துநிலையின் மையம் அது. உறவைக் குறித்த சொல், தீட்டின்மையைக் குறிக்கும் சொல்லினுள் புகுந்தது.

மொழிபெயர்ப்பு மட்டும் சாதியை வளர்த்தது எனக் கூறுவது கருத்துமுதல்வாதமாகும். சாதியின் அடித்தளம் நிலத்திலும் உழைப்பிலும் இருந்தது. சொல் அதற்குத் துணைபோயிற்று எனலே பொருந்தும். கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் 1833 இல் திருச்சபையிற் சாதி வேறுபாட்டை உடனடியாக ஒழிக்கப் பணித்தபோது, தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர் அதனை எதிர்த்தனர். திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளம் கத்தோலிக்க தேவாலயத்தில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910 ஆம் ஆண்டளவில் அகற்றப்பட்டமை நீதிமன்றம் வரை சென்ற பிணக்காயிற்று. ஆ. சிவசுப்பிரமணியன் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கதோஷ் என்பதற்கு நெருங்கிய கருத்துத் தமிழில் இல்லாமற் போகவில்லை. அது உழைக்கும் மக்களின் வாய்மொழியில் இருந்தது. தெய்வத்துக்கென ஒரு கிடாயை அல்லது சேவலை ஒதுக்கி வளர்ப்பதை ‘நேர்ந்து விடுதல்’ என்கின்றனர். அவ்வுயிர் மற்றவற்றிலும் சுத்தமானது என்பதன்று கருத்து. அது இனி வேறொருவருக்கு உரியது, அதன்மேற் பிறர் கைவைக்கலாகாது என்பதே கருத்து. நம் மொழிபெயர்ப்பாளர் நாடிய உயர்வழக்கில் இச்சொல்லுக்கு இடம் கிடைக்கவில்லை.

இப்பின்னணியில் தோட்டத்தினை நோக்குவோம். 1854 இல் தோட்டத்துரைமாரின் நிதியாதரவுடன் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கிற்று. செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் முதற் பொறுப்பாளராக இருந்தார். உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். அக்கால நற்செய்தி இயக்கத்தின் பொதுப் போக்கில், குடியை விடுதல், ஓய்வுநாளை ஆசரித்தல், முறையான திருமணம் என்பனவே பரிசுத்த வாழ்வின் அடையாளங்களாக வலியுறுத்தப்பட்டன. லயன் அறையின் துன்பத்தில் இவ்வறிவுரைகள் பயனற்றவை என நாம் கூறோம். உபதேசிமார் எழுத்தறிவைக் கொணர்ந்தமையும் உண்மை. ஆனால் நிதி வழங்குவோனின் கூலிக் கணக்கைக் கேள்விக்கு உட்படுத்துதல் அவ்வமைப்புக்கு எளிதாக இருந்திராது.

அக்கணக்கு எத்தகையது? 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளி குற்றவாளியாகச் சிறையிடப்படலாம். 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமோ, ஒரு மாதத்து ஊதியத்தை அம்மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்தாற் போதுமென்றது. லேவியராகமம் ஓர் இரவுக்கு மேற் கூலியைப் பிடித்துவைத்தலைப் பரிசுத்தத்துக்கு முரணானது என்றது. அந்நூலை வேதமாகக் கொண்ட குடியேற்ற அரசு இரண்டு மாதம் பிடித்துவைத்தலைச் சட்டமாக்கிற்று. அதே அதிகாரம் அந்நியனைச் சுதேசியாக நடத்தச் சொன்னது. சுதந்திர இலங்கை 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் இத்தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர் பிரசாவுரிமை பெற 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

தோட்டப் பேச்சு வழக்கில் ஒருநாள் வேலைக்கான பதிவு ‘பேர்’ எனப்படும். விதித்த அளவு கொழுந்து நிறையாவிடில் ‘அரைப் பேர்’ விழும். நிறுவையின்போது கழிக்கப்படும் கிலோக்கள் பற்றிய முறைப்பாடு இன்றும் ஓயவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபா என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே 2021 இல் வர்த்தமானியில் ஏறிற்று. தராசு பற்றிய பழைய விதி எவ்வளவு அண்மையானது என்பதை இவை காட்டுகின்றன.

திருச்சபையினுள்ளும் இதனை உணர்ந்தோர் இருந்தனர். திஸ்ஸ பாலசூரியா அடிகள் 1977 இல் வெளியிட்ட ‘நற்கருணையும் மானிட விடுதலையும்’ என்னும் நூல், கொரிந்து மேசையின் வினாவை நம் காலத்தில் மீண்டும் எழுப்பிற்று. 1972 இல் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவிய போல் கஸ்பேர்ஸ் அடிகள், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக நெடுங்காலம் உழைத்தார். இவர்கள் மரபிலிருந்து விலகியோர் எனக் குறைகூறப்படுவதுண்டு. ஆனால் ஆதிப் போதனையின் ஒரு பகுதியை அவர்களே மீட்டெடுத்தனர் என்பது நமது முடிபு.

சமயத்தை மக்களின் மயக்கம் என ஒதுக்கிவிடும் முற்போக்காளர் இவ்வெண்ணக்கருவின் போராட்ட வரலாற்றைக் காணத் தவறுகின்றனர். அதனைக் காலங்கடந்த தூய்மையெனப் போற்றும் பக்தரும் அவ்வாறே தவறுகின்றனர். ‘பரிசுத்தம்’ யாருக்கு உரியது என்பதும், அது நீராடலால் அளக்கப்படுமா நீதியால் அளக்கப்படுமா என்பதும் ஒவ்வொரு காலத்திலும் சமூக சக்திகளே தீர்த்து வந்த வினாக்கள். மாவனல்லைக் குன்றுகளிற் பால் வெட்டுவோரும் கொழுந்து பறிப்போரும் தம் கூலியை முழுமையாகவும் உரிய நாளிலும் கேட்கும்போது, அவர்கள் சமயத்துக்குப் புறம்பான ஒன்றைக் கேட்கவில்லை. அச்சொல்லின் மிகப் பழைய பொருளுள் ஒன்றையே கேட்கின்றனர்.